எல்லைக்கோட்டின் இருபுறமும்: பாறசாலை, நெய்யாற்றின்கரை ஊர்களில் குற்றத்தடுப்பும் ஊர்ச் செய்தியும்

கேரளத்தின் தென்கோடியில், திருவனந்தபுரம் மாவட்டத்து நெய்யாற்றின்கரை வட்டத்துக்கும் கன்னியாகுமரி மாவட்டத்து விளவங்கோடு பகுதிக்கும் நடுவே மாநில எல்லை ஊர்களை ஒட்டியும் ஊடறுத்தும் செல்கிறது. கேரளப் பக்கம் பொழியூர், பாறசாலை, காரக்கோணம், வெள்ளறடை. தமிழ்நாட்டுப் பக்கம் நீரோடி, கொல்லங்கோடு, களியக்காவிளை, பளுகல், அருமனை. பனச்சமூடு இரு மாநிலமும் பங்கிட்டுக்கொண்ட அங்காடி ஊர். ரப்பர் தோட்டங்களுக்கும் தென்னந்தோப்புகளுக்கும் இடையே ஓடும் ஊடுவழிகளில் பல எந்தச் சோதனைச் சாவடியையும் தொடாமல் ஒரு மாநிலத்திலிருந்து மறு மாநிலத்துக்குப் போய்விடும். பெண் கொடுத்து எடுப்பதும், சந்தைக்குப் போவதும், ஆஸ்பத்திரிக்குப் போவதும் இந்தக் கோட்டைப் பொருட்படுத்தாமல் நடப்பவை. பொருட்படுத்துவது காவல் நிலையத்தின் ஆட்சி எல்லைதான். பாறசாலை, பொழியூர், வெள்ளறடை நிலையங்கள் திருவனந்தபுரம் ஊரகக் காவல் மாவட்டத்தைச் சேர்ந்தவை. கொல்லங்கோடு, களியக்காவிளை, பளுகல், அருமனை நிலையங்கள் கன்னியாகுமரி மாவட்டக் காவல்துறையின் கீழ் வருபவை. திருடன் பத்து நிமிடத்தில் கடக்கும் தூரத்தை ஒரு தகவல் கடக்க ஒரு நாள் ஆகலாம். இந்த ஊர்களின் குற்றத்தடுப்பு பற்றிய எந்த ஆய்வும் இந்த நேர வித்தியாசத்தைத்தான் முதலில் கணக்கில் எடுக்க வேண்டும்.

எல்லை இங்கே வந்து நின்றது 1956 நவம்பர் 1 அன்று. அதற்கு முன் இரு பக்கமும் திருவிதாங்கூரின், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியின், ஒரே நிர்வாகத்தில் இருந்தன. மார்ஷல் நேசமணி முதலானோர் நடத்திய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், தமிழர் பெருவாரியாக வாழ்வதாகச் சொல்லி இணைக்கக் கேட்ட வட்டங்களின் பட்டியலில் நெய்யாற்றின்கரையும் இருந்தது. மாநில மறுசீரமைப்பில் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும் குமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்துக்குப் போயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பாறசாலைப் பகுதியில் தமிழ் பேசும் குடும்பங்களும், களியக்காவிளைப் பகுதியில் மலையாளம் பேசும் குடும்பங்களும் தங்கிவிட்டன. இரண்டு மொழியும் தெரியாதவர் இந்த வட்டாரத்தில் குறைவு. ஆனால் காவல் நிலையத்து ஏடுகள் அப்படியல்ல. பாறசாலையில் முதல் தகவல் அறிக்கை மலையாளத்தில் எழுதப்படுகிறது, பளுகலில் தமிழில். ஊர்க்காரர் பேச்சில் இல்லாத மொழிச் சுவர் கோப்பில் இருக்கிறது.

எல்லை தானாகவே சில குற்றங்களை உண்டாக்குகிறது. இருபுறமும் சட்டமும் விலையும் வேறு வேறு என்பதே காரணம். தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி 2011 ஜூன் முதல் இலவசம். கேரளத்தில் அதே அரிசிக்குச் சந்தை விலை உண்டு. வீடு வீடாகக் குறைந்த விலைக்குச் சேகரித்த அரிசி இருசக்கர வண்டிகளிலும் சிறு வேன்களிலும் எல்லை தாண்டி, வேறு சாக்குக்கு மாறி, கடை அரிசியாகிவிடுகிறது. குமரி மாவட்டத்தில் அரிசிக் கடத்தல் பிடிபட்ட செய்தி வராத வாரம் அரிது. லாட்டரி இதற்கு நேர் எதிர்த் திசையில் பயணிக்கிறது. கேரள அரசு 1967-இல் லாட்டரித் துறையைத் தொடங்கியது. தமிழ்நாடு 2003-இல் லாட்டரி விற்பனையைத் தடை செய்தது. பாறசாலைக் கடையில் சட்டப்படி வாங்கிய சீட்டைக் களியக்காவிளையில் விற்றால் வழக்கு. மது, எரிசாராயம், கஞ்சா, பாறைக்கல், கோழிக்கழிவு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு திசையும் ஒரு லாபக் கணக்கும் உண்டு. கழிவு மட்டும் சற்று விசித்திரமானது. அதைக் கொண்டுவருபவருக்கு லாபம், கொட்டப்படும் ஊருக்குக் கேடு. அதனால் அரிசி வண்டியைக் கண்டும் காணாமல் விடும் ஊர்க்காரர்கள், கழிவு வண்டியைத் தாங்களே வழிமறித்துக் காவல் நிலையத்துக்குச் சொல்லிவிடுகிறார்கள். எந்தக் குற்றத்தை ஊர் தன் குற்றமாக எண்ணுகிறதோ அதில்தான் ஊரின் ஒத்துழைப்புக் கிடைக்கும் என்பதற்கு இந்த வேறுபாடு தெளிவான சான்று.

கேரளப் பக்கத்து அமரவிளைச் சோதனைச் சாவடி ஒரு காலத்தில் இந்த வட்டாரத்தின் முக்கியத் தடையாக இருந்தது. 2017 ஜூலை 1 அன்று சரக்கு, சேவை வரி நடைமுறைக்கு வந்ததும் விற்பனை வரிச் சாவடிகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறையின் சோதனை தொடர்ந்தாலும், ஒவ்வொரு சரக்கு வண்டியும் நின்று காகிதம் காட்டிப் போன பழைய ஏற்பாடு முடிந்துவிட்டது. வணிகத்துக்கு அது நல்லது. எந்த வண்டி எப்போது எந்தச் சரக்கோடு போயிற்று என்ற பதிவும் அதோடு போயிற்று என்பதைக் காவல் நோக்கில் மறக்கக் கூடாது.

கேரளத்தில் சமூகக் காவலுக்கு ஒழுங்கான வடிவம் கிடைத்தது 2008-இல். நீதிபதி கே. டி. தாமஸ் தலைமையிலான ஆணையம் காவல்துறைச் சீர்திருத்தம் பற்றித் தந்த பரிந்துரைகளைத் தொடர்ந்து, அந்த ஆண்டு மார்ச்சில் 'ஜனமைத்ரி சுரக்ஷா' என்ற திட்டம் 20 நிலையங்களில் தொடங்கியது. படிப்படியாக மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. 2011-ஆம் ஆண்டு கேரளக் காவல் சட்டம் இத்தகைய ஊர்த் தொடர்புக் குழுக்களுக்குச் சட்ட அடிப்படையும் கொடுத்தது. திட்டத்தின் அச்சாணி பீட் அலுவலர். நிலைய எல்லை பல பீட்டுகளாகப் பிரிக்கப்படும். ஒரு பீட் ஏறக்குறைய 500 வீடுகள். அலுவலர் ஒவ்வொரு வீட்டுக்கும் சென்று, குறைந்தது ஒருவரையாவது நேரடியாகத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பது விதி. தனியாக வாழும் முதியவர் யார், ஆள் வெளிநாட்டில் இருப்பதால் பூட்டிக் கிடக்கும் வீடு எது, வாடகைக்குப் புதிதாக வந்தவர் யார், எந்த இடவழியில் விளக்கு எரியவில்லை ஆகியவை பீட் புத்தகத்தில் ஏற வேண்டியவை.

நிலைய அளவில் ஜனமைத்ரி சமிதி கூடுகிறது. வணிகர், ஆசிரியர், குடியிருப்போர் சங்கத்தார், குடும்பஸ்ரீப் பெண்கள் போன்றோர் அதில் உறுப்பினர். அரசியல் கட்சிப் பொறுப்பாளர்களும் குற்ற வழக்கில் சிக்கியவர்களும் விலக்கப்பட வேண்டும் என்று திட்டம் சொல்கிறது. கேரளத்தின் கட்சி அரசியலை அறிந்தவர்களுக்கு இந்த விதியின் முதல் பாதி எவ்வளவு கடினமானது என்பது புரியும். ஊரில் நாலு பேரைத் தெரிந்த, கூட்டம் கூட்டத் தெரிந்த ஆள் பெரும்பாலும் ஏதோ ஒரு கட்சியின் கிளையில்தான் இருப்பார்.

திட்டத்தின் உண்மையான பலம் சமிதிக் கூட்டத்தைவிட அதற்கு அடியில் ஏற்கெனவே இருந்த அயல்கூட்டங்களில் இருக்கிறது. 1998-இல் தொடங்கிய குடும்பஸ்ரீ அமைப்பில் அண்டை வீட்டுப் பெண்கள் வாரந்தோறும் கூடிச் சேமிப்புப் பணம் கட்டுகிறார்கள். அந்தக் கூட்டத்தில் கடன் கணக்கு முடிந்த பிறகு நடக்கும் பேச்சுதான் ஊரின் மெய்யான செய்தி ஏடு. யார் வீட்டுத் தொழுவத்தில் ரப்பர் ஷீட் காணாமல் போயிற்று, எந்தப் பையன் திடீரென்று புது பைக்கில் சுற்றுகிறான், எந்த வீட்டில் இரவில் அடிதடிச் சத்தம் கேட்கிறது என்பதெல்லாம் காவல் நிலையத்துக்கு எட்டும் முன் அங்கே எட்டிவிடும். குடும்ப வன்முறை, போதைப் பொருள் போன்றவற்றில் இந்த வழிக்கு ஈடு வேறில்லை. பெண்கள் நேரில் நிலையத்துக்குப் போகத் தயங்கும் சங்கதிகள் பீட் அலுவலரிடம், அல்லது அயல்கூட்டத்தின் வழியாகப் பஞ்சாயத்து உறுப்பினரிடம், போய்ச் சேர்கின்றன.

தமிழ்நாட்டுப் பக்கத்தின் வரலாறு வேறு வழியில் சென்றது. 1993-இல் ராமநாதபுரம் மாவட்டத்தில் காவல் கண்காணிப்பாளர் பிரதீப் பிலிப் தொடங்கிய 'காவல்துறை நண்பர்கள்' இயக்கம் இந்தியாவின் முன்னோடி முயற்சிகளில் ஒன்று. கேரளத் திட்டத்துக்குப் பதினைந்து ஆண்டுகள் மூத்தது. அதன் தன்னார்வலர்கள் காவலர்களோடு ரோந்து, போக்குவரத்து, திருவிழாக் காவல் ஆகியவற்றுக்குச் சென்றார்கள். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனுமான இரு வணிகர்கள் காவலில் இறந்தபோது இந்தத் தன்னார்வலர்கள் மீதும் குற்றச்சாட்டு எழுந்தது. இயக்கம் அதை மறுத்தது. என்றாலும் அடுத்த மாதமே மாநில அரசு அவர்களைப் பயன்படுத்தத் தடை விதித்தது. இரண்டு மாதிரிகளுக்கும் அடிப்படை வேறுபாடு ஒன்றுண்டு. கேரளத்தில் காவலர் ஊருக்குள் போகிறார். தமிழ்நாட்டு மாதிரியில் ஊர்க்காரர் காவல் நிலையத்துக்குள் போனார். நிலையத்துக்குள் போகும் தன்னார்வலருக்கு அதிகாரத்தின் நிழல் ஒட்டிக்கொள்ளும், அதற்குரிய பொறுப்பு ஒட்டாது.

கேரள மாதிரியிலும் நம்பிக்கை கண்ணாடிச் சாமான்தான். 2018 நவம்பர் 5 இரவு நெய்யாற்றின்கரை அருகே கொடங்காவிளையில், வண்டி நிறுத்தியது குறித்த சச்சரவில், ஒருவர் சாலையில் தள்ளப்பட்டு, எதிரே வந்த காரில் அடிபட்டு இறந்தார். தள்ளியதாகக் குற்றம் சாட்டப்பட்டவர் நெய்யாற்றின்கரைக் காவல் துணைக் கண்காணிப்பாளர். அவர் தலைமறைவாகி, சில நாட்களில் தம் வீட்டில் இறந்து கிடந்தார். உட்கோட்டத்தின் தலைமை அலுவலர் மீதே இப்படி ஒரு வழக்கு வந்த பிறகு, கதவைத் தட்டும் பீட் காவலரிடம் வீட்டு விவரம் சொல்ல மக்களுக்கு முன்போல் மனம் வராது. சமூகக் காவலில் இழந்த நம்பிக்கையைத் திரும்பச் சேர்ப்பது, முதலில் சேர்த்ததைவிட நீண்ட வேலை.

ஜனமைத்ரி பீட் எல்லைக்கோட்டில் முடிந்துவிடுகிறது. பனச்சமூட்டில் ஒரு கடைக்காரர் பீட் புத்தகத்தில் இருப்பார், சாலையின் அந்தப் பக்கத்துக் கடைக்காரர் இருக்க மாட்டார். இதன் விளைவை இரண்டு வழக்குகள் காட்டுகின்றன.

2020 ஜனவரி 8 இரவு களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் பணியிலிருந்த சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர்கள் ஓடும் காட்சி அருகிலிருந்த கண்காணிப்புக் கேமராவில் பதிவாகியிருந்தது. விசாரணை உடனே கேரளத்துக்குள் நீண்டது. சில நாட்களில் இருவர் கர்நாடகத்தின் உடுப்பியில் பிடிபட்டார்கள், துப்பாக்கி எர்ணாகுளத்தில் கிடைத்தது. வழக்கைப் பின்னர் தேசியப் புலனாய்வு முகமை எடுத்துக்கொண்டது. மூன்று மாநிலக் காவல்துறைகள் சேர்ந்து வேலை செய்ய முடியும் என்பதற்கு இது சான்று. பெரிய வழக்கானால் மட்டுமே அப்படிச் சேர்கின்றன என்பதும் இதிலேயே தெரிகிறது. பறித்துக்கொண்டு போன மூன்று பவுன் சங்கிலிக்காக அந்த அளவு தொலைபேசிகள் ஒலிப்பதில்லை.

இரண்டாவது, 2022 அக்டோபரில் நடந்த நஞ்சுக் கொலை. பாறசாலைப் பகுதி இளைஞர் ஒருவருக்கு எல்லைக்கு அப்பால், பளுகல் நிலைய வரம்புக்குள் இருந்த ஒரு வீட்டில், கஷாயத்தில் நஞ்சு கலந்து கொடுக்கப்பட்டது. பதினொரு நாள் கழித்துத் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியில் அவர் இறந்தார். செயல் நடந்தது தமிழ்நாட்டில். உயிர் பிரிந்ததும் புகார் பதிவானதும் கேரளத்தில். விசாரிக்க வேண்டியது யார் என்று சட்டக் கருத்துக் கேட்க வேண்டியதாயிற்று. இதற்குள் காவல்துறை முத்திரையிட்ட அந்த வீட்டின் பூட்டை யாரோ உடைத்துவிட்டார்கள். வேறு மாநிலத்திலுள்ள குற்றத் தலத்தைக் காப்பது எவ்வளவு சிரமம் என்பது அப்போது தெரிந்தது. குற்றச் செயல் நடந்த இடத்திலோ அதன் விளைவு நேர்ந்த இடத்திலோ விசாரணை நடத்தலாம் என்பது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 179-ஆம் பிரிவு. கேரளக் குற்றப்பிரிவே விசாரணையைத் தொடர்ந்தது. நெய்யாற்றின்கரைக் கூடுதல் அமர்வு நீதிமன்றம் 2025 ஜனவரியில் முதல் குற்றவாளிக்கு மரண தண்டனை விதித்தது.

நீதிமன்றத்தில் எல்லைச் சிக்கலுக்கு இப்படி விடை உண்டு. தடுப்பில் அந்த விடை உதவாது. தடுப்பு என்பது குற்றம் நடக்கும் முன் ஒரு சேதி உரிய ஆளிடம் போய்ச் சேர்வது. இந்த வட்டாரத்தில் சேதியும் மாநிலக் கோட்டில் இரண்டாகப் பிரிகிறது. பாறசாலைத் திருட்டு மலையாள நாளிதழ்களின் திருவனந்தபுரம் பக்கத்தில் வரும். இரண்டு கிலோமீட்டர் தள்ளி அதே ஆட்கள் அதே முறையில் செய்த திருட்டு தமிழ் நாளிதழ்களின் நாகர்கோவில் பதிப்பில் வரும். இரண்டையும் ஒருசேரப் படிப்பவர் தேநீர்க் கடையில் இருக்கலாம், நிலையத்தில் இருப்பது அரிது. முதல் ஊரில் உண்டியல் உடைக்கப்பட்ட செய்தி இரண்டாவது ஊர்க் கோயில் நிர்வாகிக்குத் தெரிந்திருந்தால் அன்றிரவே காவலுக்கு ஆள் போட்டிருப்பார்.

ஊர்ச் செய்திக்கு இந்த மண்ணில் ஒரு பழைய மரபு உண்டு. திருவிதாங்கூர் நிர்வாகத்தின் ஊழலை எழுதிய 'சுதேசாபிமானி' இதழின் ஆசிரியர் கே. ராமகிருஷ்ண பிள்ளை 1878-இல் நெய்யாற்றின்கரையில் பிறந்தவர். 1910 செப்டம்பர் 26 அன்று திருவிதாங்கூர் அரசு இதழின் அச்சகத்தைப் பறிமுதல் செய்து அவரை நாடு கடத்தியது. காவலர்கள் அவரைத் திருநெல்வேலி எல்லையில் கொண்டுபோய் விட்டார்கள். அன்று கிழக்கெல்லை ஆரல்வாய்மொழியில் இருந்தது. பத்திரிகையாளரை எல்லைக்கு வெளியே தள்ளினால் செய்தி நின்றுவிடும் என்று அன்றைய அரசு நம்பியது.

இன்றைய ஊர்ச் செய்தி வாட்ஸ்அப்பில் ஓடுகிறது. அது எந்த எல்லையிலும் நிற்பதில்லை, எந்தச் சோதனைக்கும் உட்படுவதுமில்லை. 2018 தொடக்கத்தில் கேரளம் முழுதும், வீட்டு ஜன்னல்களில் ஒட்டப்பட்ட கறுப்பு ஸ்டிக்கர்கள் பிள்ளை பிடிப்பவர்கள் வைக்கும் அடையாளம் என்ற புரளி பரவியது. கண்ணாடித் தகடுகள் ஒன்றோடொன்று உரசாமலிருக்கக் கடைக்காரர்கள் ஒட்டும் சிறு துண்டுகள் அவை என்று காவல்துறை விளக்க வேண்டி வந்தது. அந்த ஸ்டிக்கர்கள் பல ஆண்டுகளாக அதே ஜன்னல்களில் இருந்தவை. செய்தி வந்த பிறகுதான் கண்ணில் பட்டன. அதே ஆண்டு மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்குப் போன முதிய பெண்ணொருவர் பிள்ளை பிடிப்பவர் என்ற சந்தேகத்தில் அடித்துக் கொல்லப்பட்டார். ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாத கட்டுப்பாட்டை அறிவித்தது.

இந்த வகைப் புரளிக்கு எல்லை ஊர் கூடுதலாக இரையாகும். அயல் மாநில வண்டி எண், வேறு பேச்சு வழக்கு, சந்தைக்கு வந்து போகும் முகம் தெரியாத ஆட்கள் எல்லாம் இங்கே அன்றாடம். சந்தேகப்பட வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால் பொருளுக்குப் பஞ்சமில்லை. அதனால் ஊர்க் குழுக்களுக்கு உதவும் செய்தி எது என்பதற்கு எளிய அளவுகோல் தேவை: இடம், நேரம், நடந்த விதம், சொன்னவர் யார் என்ற நான்கும் இருக்கிறதா என்பது. 'பாறசாலைப் பக்கம் கும்பல் இறங்கியிருக்கிறது' என்பதில் இவற்றில் ஒன்றும் இல்லை. 'நேற்றிரவு ஒரு மணிக்கும் நான்குக்கும் இடையே காரக்கோணத்தில் பூட்டிய வீட்டின் பின்கதவை நெம்பினார்கள்' என்பதைக் கொண்டு அடுத்த தெருக்காரர் தம் பின்கதவைச் சரிபார்க்க முடியும். பீட் அலுவலர் சேர்ந்திருக்கும் குழுவில் இந்த ஒழுங்கு ஓரளவு நிற்கிறது. அவர் இல்லாத குழுவில் நிற்பதில்லை.

பூட்டிய வீடுகளுக்கு இப்பகுதியில் தனிக் கவனம் வேண்டும். வளைகுடா நாடுகளுக்கு ஆட்களை அனுப்பிய ஊர்கள் இவை. பெரிய வீடு, உள்ளே ஆளில்லை என்பது சாதாரணக் காட்சி. ஊருக்குப் போகும்போது வீடு பூட்டியிருப்பதைக் கைபேசிச் செயலி மூலம் நிலையத்துக்குத் தெரிவிக்கும் வசதியைக் கேரளக் காவல்துறை செய்திருக்கிறது. ரோந்துக் காவலர் அந்த வழி போகும்போது பார்ப்பார். அண்டை வீட்டாரிடம் சாவி கொடுத்துப் போன காலத்தில் இந்த வேலையை அண்டை வீடு செய்தது. மதிலை உயர்த்திக் கட்டிய பிறகு செயலி தேவைப்படுகிறது.

எல்லை தாண்டிச் சேதி போகும் வழிகளும் இல்லாமலில்லை. அவை அரசு போட்டவை அல்ல. கடற்கரையில் நீரோடி முதல் தூத்தூர் வரையிலான தமிழ்நாட்டு மீனவ ஊர்களின் கத்தோலிக்கப் பங்குகள் திருவனந்தபுரம் லத்தீன் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. மாநிலக் கோடு அந்த நிர்வாகத்தை வெட்டவில்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அடித்தபோது, எந்தப் படகு திரும்பவில்லை என்ற கணக்கு இரு மாநில ஊர்களிலும் பங்குத் தளங்கள் வழியாகத்தான் முதலில் சேர்ந்தது. மும்பைத் தாக்குதலுக்குப் பின் கேரளத்தில் அமைக்கப்பட்ட கடலோர ஜாக்கிரதா சமிதிகள் மீனவரையே கடலின் கண்காணிப்பாளராக்க முயன்றன. பொழியூர்க் கரையில் அந்தக் கண்ணுக்கு நீரோடிப் படகும் தெரியும், ஆனால் சமிதியின் கூட்டத்தில் நீரோடிக்காரருக்கு இருக்கை இல்லை.

எல்லையை முழுதாக மூடிப் பார்த்த அனுபவமும் உண்டு. 2020 பெருந்தொற்றுக் காலத்தில் தெற்கிலிருந்து கேரளத்துக்குள் வர அனுமதிக்கப்பட்ட சாலை வழி பாறசாலையை அடுத்த இஞ்சிவிளை மட்டுமே. மற்ற வழிகளில் தடுப்பு வைக்கப்பட்டது. ஊடுவழிகளைக் காவலர்களைக் கொண்டு மட்டும் மூட முடியவில்லை. எந்தத் தோட்டத்து வேலியில் ஆள் நுழையும் சந்து இருக்கிறது என்று சொல்ல உள்ளூர்க்காரர் வேண்டியிருந்தது. அவர்கள் சொன்னார்கள். நோய் தங்கள் வீட்டுக்கு வரும் என்ற அச்சம் இருந்தவரை சொன்னார்கள்; அதே சந்துகளில் அரிசி மூட்டை போகும்போது அந்த அளவு சொல்வதில்லை.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் புகாரைப் பதியலாம் என்பதைச் சட்டமாகவே எழுதிவிட்டது. இதற்கு முன் 'பூஜ்ய முதல் தகவல் அறிக்கை' என்று வழக்கத்தில் இருந்ததுதான் இது. களியக்காவிளையில் சங்கிலி பறிகொடுத்த பாறசாலைப் பெண் இனித் தம் ஊர் நிலையத்திலேயே புகார் கொடுக்கலாம். அது உரிய நிலையத்துக்கு அனுப்பப்படும். மலையாளத்தில் எழுதிய புகாரைத் தமிழ்நாட்டு நிலையத்தில் யார் படித்துச் சொல்வது என்பதைச் சட்டம் சொல்லவில்லை. இரண்டு மொழியும் எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு காவலரை எல்லையோர நிலையம் ஒவ்வொன்றிலும் வைத்தால் போதும். இந்த ஊர்களில் அப்படிப்பட்டவர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை.